கமாண்டோ ஆவதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

அக்னிவீர் தேர்வுக்கான ராணுவ விண்ணப்பத்தில் ஜெனரல் டியூட்டி, டெக்னிக்கல், கிளார்க், டிரேட்ஸ்மேன் என்று பிரிவுகள் இருக்கின்றன. கமாண்டோ என்று ஒரு பிரிவு இல்லை. சிறப்புப் படையில் சேர வேண்டும் என்ற ஒரே ஆசையில் பள்ளிப் பருவத்திலிருந்தே அதிகாலை ஓட்டம் ஓடும் பையன்கள் பலருக்கு இது விண்ணப்பம் நிரப்பும் அன்றுதான் தெரியவருகிறது. அதுவரை அவர்கள் பார்த்ததெல்லாம் பயிற்சிக் காணொளிகள்: சேற்றில் தவழ்வது, குளிர்ந்த நீரில் மூழ்குவது, மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. பயிற்சி எவ்வளவு கடுமை என்பதை அவர்கள் மணிக்கணக்கில் விவரிப்பார்கள். அங்கே போக வழி எது, அந்த வழி பாதியில் அடைபட்டால் தான் எங்கே நிற்போம், உள்ளே போனபின் அன்றாடம் என்ன வேலை, அது முடிந்தபின் உடம்பும் குடும்பமும் எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் வராது. விசாரிக்க வேண்டியவை இவைதான். பயிற்சியின் கடுமை தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் கறுப்பு உடை போட்டவர், சிவப்புத் தொப்பி போட்டவர், முகத்தில் மை பூசியவர் எல்லோரும் கமாண்டோதான். உண்மையில் இவை வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் இயங்கும் வெவ்வேறு படைகள். சேரும் வழிகளும் வேறு வேறு. ராணுவத்தின் பாராசூட் ரெஜிமென்டுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. 5, 6, 7 போன்ற பட்டாலியன்கள் வான்வழியாக இறங்கிப் போரிடும் காலாட்படை. 1, 9, 10, 21 போன்றவை சிறப்புப் படை. 1965 போரின்போது மேஜர் மேக் சிங் திரட்டிய மேக்தூத் என்ற சிறு குழுவிலிருந்து 1966-ல் பிறந்தது 9 பாரா. அதற்கு மலைப் போர் கைவந்த கலை. அடுத்த ஆண்டு வந்த 10 பாராவுக்குப் பாலைவனம். 21 பாரா 1996-ல் மராத்தா காலாட்படைப் பட்டாலியன் ஒன்று உருமாறி வந்தது. வடகிழக்கின் காடுகள் அதன் களம். இவை எல்லாவற்றுக்கும் மெரூன் தொப்பி ஒன்றே. ஆக்ராவில் உள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் ஐந்து முறை குதித்து முடித்தவர் நெஞ்சில் இறக்கைச் சின்னம் அணியலாம். கிரிக்கெட் வீரர் தோனி 2015-ல் அப்படித்தான் தகுதி பெற்றார். குதிக்கத் தெரிவது ஒரு தகுதி. சிறப்புப் படையின் புரொபேஷன் என்ற சோதனைக் காலத்தைத் தாண்டி அதன் பலிதான் சின்னத்தை வாங்குவது முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு சேர்ந்தவர்கள் உண்டு.

கடற்படையின் மார்கோஸ் 1987-ல் தொடங்கியது, மும்பையின் ஐ.என்.எஸ். அபிமன்யு அதன் தாய்வீடு. முதலில் மாலுமியாகவோ கடற்படை அதிகாரியாகவோ சேர்ந்து, பிறகுதான் அதற்கு விருப்பம் தெரிவிக்க முடியும். விமானப் படையின் கருட் 2004-ல் உருவானது. தேசியப் பாதுகாப்புப் படை, அதாவது என்.எஸ்.ஜி., உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. 1984-ல் அமைக்கப்பட்ட இந்தப் படைக்கு நேரடி ஆள்சேர்ப்பே கிடையாது. ராணுவத்திலிருந்தும் மத்திய ஆயுதப் படைகளிலிருந்தும் அயற்பணியில் வருகிறார்கள், சில ஆண்டுகள் இருக்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். மும்பைத் தாக்குதலுக்குப் பின் சென்னையிலும் அதற்கு ஒரு பிராந்திய மையம் வந்தது. அதன் வாசலில் போய் நின்று யாரும் வேலை கேட்க முடியாது. சி.ஆர்.பி.எஃப்.-பின் கோப்ரா பட்டாலியன்கள் 2008-ல் மாவோயிஸ்ட் பகுதிக் காடுகளுக்காக அமைக்கப்பட்டவை. அங்கே போக முதலில் சி.ஆர்.பி.எஃப். வீரராக வேண்டும். 1962 போரையொட்டித் திபெத்திய அகதிகளைக் கொண்டு சக்ராதாவில் உருவான சிறப்பு எல்லைப் படையும் உண்டு. நம் பையன்களுக்கு அந்தக் கதவே கிடையாது.

பெண்களின் நிலையையும் தனியே பார்க்க வேண்டும். 2021-ல் கோப்ராவில் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 2022 டிசம்பரில் கடற்படை தன் சிறப்புப் படையைப் பெண்களுக்கும் திறக்கும் முடிவு செய்திகளில் வந்தது. திறந்த கதவு எது, அறிவிப்பில் மட்டும் உள்ளது எது என்று அந்தந்த ஆண்டே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரைபடத்தைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். பெரும்பாலும் எந்த வழியில் போனாலும் நீங்கள் முதலில் வேறு ஒருவராக ஆகிறீர்கள்: காலாட்படை வீரர், மாலுமி, சி.ஆர்.பி.எஃப். ஜவான், இல்லையென்றால் அதிகாரி. சிறப்புப் படை அதற்கு மேல் வரும் இரண்டாவது முயற்சி. அந்த இரண்டாவது முயற்சியில் பெரும்பாலோர் தேறுவதில்லை. இந்தியாவின் தேர்ச்சி விகிதம் என்று யூடியூபில் ஆளுக்கொரு சதவீதம் சொல்வார்கள். அவற்றை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. உலகில் எந்தச் சிறப்புப் படையிலும் தேறாதவர்களே அதிகம் என்பது போதும். ஆகவே ஒருவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, 'தேறாமல் போனால் எனக்குக் கிடைக்கப்போகும் வாழ்க்கை எனக்குப் பிடித்ததா' என்பதே. புரொபேஷனில் விழுந்தவரைத் தாய்ப் பிரிவுக்குத் திருப்பி அனுப்புவார்கள். ராணுவப் பேச்சில் அதற்கு ஆர்.டி.யூ. என்று பெயர். எஞ்சினியர்ஸ் பிரிவிலிருந்து போனவர் மறுபடி பாலம் கட்டப் போவார். மெட்ராஸ் ரெஜிமென்டிலிருந்து போனவர் மறுபடி தன் பழைய கம்பெனியில் நிற்பார். அந்த வேலையை ஏளனமாக நினைத்தவருக்கு அந்தத் திரும்புதல் தண்டனை போல இருக்கும். அதை மதித்தவருக்கு அது ஓர் அனுபவம், அவ்வளவுதான்.

அமெரிக்கக் கடற்படையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கே சீல் படைக்கென்றே ஒப்பந்தம் போட்டு இளைஞர்களைச் சேர்க்கிறார்கள். தேறாதவர் வீட்டுக்குப் போக முடியாது. ஒப்பந்தக் காலம் பாக்கி இருக்கும். கடற்படைக்கு எங்கே ஆள் தேவையோ அங்கே அனுப்பப்படுவார். சீல் ஆகும் கனவோடு வந்தவர் கப்பலின் மேல்தளத்தில் பெயின்ட் சுரண்டிக்கொண்டிருப்பார்.

இந்திய இளைஞருக்கு இப்போது இதே கணக்கு வேறு உருவில் வந்திருக்கிறது. 2022 ஜூன் 14-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேவை நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், கையில் வருவது 21,000. நான்காம் ஆண்டு 40,000. பிடித்தம் செய்த தொகையும் அரசின் பங்கும் வட்டியும் சேர்ந்து முடிவில் சுமார் 11.71 லட்சம் சேவா நிதி. ஓய்வூதியம் இல்லை. ஒவ்வொரு அணியிலும் 25 சதவீதம் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். இந்த நான்கு ஆண்டுகளுக்குள் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது, பட்டாலியனில் காலூன்றும் காலம் இருக்கிறது, விடுப்பு இருக்கிறது. சிறப்புப் படை புரொபேஷன் என்பது வழக்கமாகவே மாதக்கணக்கில் நீளும். அதற்குப் பிறகு குதிப்பு, வெடிமருந்து, தகவல் தொடர்பு, மலையேற்றம், நீரடிப் பயிற்சி என்று ஒவ்வொன்றும் தனித் தனிப் பள்ளி. ஒரு முழுமையான சிறப்புப் படை வீரர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. எனவே ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் சேரும் இந்த ஆண்டின் விதிப்படி, இந்தப் பிரிவில் சேர்ந்த அக்னிவீர் எப்போது, எந்த நிபந்தனையில் சிறப்புப் படைக்கு விருப்பம் தெரிவிக்கலாம்? விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருடம் சேர்ந்த அண்ணன் சொன்னது இந்த வருடம் செல்லாமல் போகலாம். எழுத்தில் உள்ள அறிவிப்பையே பார்க்க வேண்டும்.

அதிகாரி வழியும் இருக்கிறது. நம் கிராமப்புற மாணவர்களிடம் யாரும் அதைச் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். பிளஸ் டூ முடித்தவுடன் என்.டி.ஏ., பட்டம் முடித்தவுடன் சி.டி.எஸ்.; இரண்டும் யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேர்வுகள். பிறகு ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்காணல். அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிக் கழகங்களில் ஒன்று சென்னை பரங்கிமலையிலேயே இருக்கிறது. நன்றாகப் படிக்கிற பையன் ஓட்டம் மட்டும் பழகிவிட்டு, இந்த வழி இருப்பதே தெரியாமல் ஆள்சேர்ப்பு ரேலிக்குப் போய் நிற்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

பரங்கிமலையில் பயிற்சி முடித்து 2006-ல் வெளியே வந்தவர் மேஜர் முகுந்த் வரதராஜன். 'அமரன்' படத்தைப் பார்த்துவிட்டு அவரைச் சிறப்புப் படைக்காரர் என்று நினைத்தவர்கள் பலர். அவர் ராஜ்புத் ரெஜிமென்டின் காலாட்படை அதிகாரி. 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் பணியாற்றியபோது 2014 ஏப்ரல் 25-ல் ஷோபியான் பகுதியில் நடந்த மோதலில் உயிர் கொடுத்து அசோகச் சக்கரம் பெற்றார். காஷ்மீரின் அன்றாடத் தேடுதல் வேட்டைச் சுமையைப் பெரிதும் தாங்குவது ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் போன்ற இத்தகைய பிரிவுகளே. வீரம் வேண்டும் என்பவர் பலிதான் சின்னத்தில் மட்டும் அதைத் தேட வேண்டியதில்லை.

சரி, தேறுபவர் யார்? இதை ஆராய்ச்சியாளர்கள் பல கோணங்களில் துருவியிருக்கிறார்கள். உளவியலாளர் ஆஞ்சலா டக்வொர்த் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் முதல் கோடைப் பயிற்சியைத் தாக்குப்பிடிப்பவர்களை முன்கூட்டியே கணிக்க விடாப்பிடி என்ற குணம் உதவுகிறது என்று காட்டினார். அந்தக் கருத்து உலகம் முழுக்கப் பரவியது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2017-ல் மார்கஸ் கிரேடே என்பவரும் சகாக்களும் இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி அலசியபோது, விடாப்பிடி என்று அளக்கப்படுவது ஏற்கெனவே தெரிந்த பொறுப்புணர்வு என்ற குணத்தோடு பெரும்பாலும் ஒன்றிப்போகிறது, அதன் தாக்கமும் சொல்லப்பட்ட அளவு பெரிதில்லை என்று தெரிந்தது. அமெரிக்க ராணுவச் சிறப்புப் படைத் தேர்வுக்கு வந்தவர்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது: சுமை நடை, ஓட்டம் போன்ற உடல் திறனே தேர்ச்சியோடு வலுவாக இணைந்திருந்தது, மனக் குணங்கள் அதற்குப் பின்னால்தான் வந்தன. 2000-ல் சார்லஸ் மார்கன் குழுவினர், பிடிபட்டு விசாரிக்கப்படுவது போன்ற பயிற்சியில் இருந்த வீரர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சிறப்புப் படையினருக்கு நெருக்கடியைத் தணிக்கும் நியூரோபெப்டைட் ஒய் என்ற பொருள் மற்றவர்களைவிட அதிகம் சுரந்தது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. 'மனசு வைத்தால் போதும், உடம்பு தானே வரும்' என்று கோச்சிங் அகாடமிகளில் சொல்வது பாதிப் பொய். உடம்பு முதலில் வர வேண்டும். அதுவும் ஆண்டுக்கணக்கில், மெதுவாக வர வேண்டும். சிலருக்கு நெருக்கடியில் நிதானம் இயல்பாகவே அமைகிறது, சிலருக்கு அமைவதில்லை. அமையாதவர் கோழையும் இல்லை.

உடம்பைப் பற்றிப் பேசினால் வெயிலைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2013 ஜூலை 13-ல் வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படைத் தேர்வுக்காக ரிசர்வ் வீரர்கள் நடந்தார்கள். தூரம் சுமார் 26 கி.மீ.; முதுகில் 20 கிலோவுக்கு மேல். அந்த ஆண்டின் மிக வெப்பமான நாட்களில் அது ஒன்று. மூன்று பேர் வெப்பத்தால் இறந்தார்கள். 2015-ல் மரண விசாரணை அதிகாரி அதில் அலட்சியம் இருந்ததாகத் தீர்ப்பளித்தார். அவர்கள் யாரும் பலவீனர்கள் இல்லை. நிற்கக் கூடாது என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்ததால் உடம்பின் எச்சரிக்கையைத் தாண்டிப் போனவர்கள். அன்றைய வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருந்தது. நம் ஊரில் மே மாதம் காலை ஒன்பது மணிக்கே அதைத் தாண்டிவிடும், ஈரப்பதம் வேறு.

அதை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊர் சாலைகளைப் பார்க்க வேண்டும். பழைய பள்ளிக்கூடப் பையில் ஆற்று மணலைப் பாலித்தீன் கவரில் கட்டிப் போட்டு, பையின் மெல்லிய வார் தோளில் அறுக்க, கேன்வாஸ் காலணியோடு தார்ச்சாலையில் ஓடுகிறார்கள். மணல் முதுகின் அடிப்பக்கம் போய்த் தங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் பை இடுப்பில் இடிக்கிறது. உடம்பு முன்னால் வளைகிறது. பாரம் முழுக்க முழங்காலிலும் கீழ் முதுகிலும் இறங்குகிறது. பதினேழு வயதில் இப்படி ஆறு மாதம் ஓடினால் முன்காலில் எலும்புக் கீறல் வரலாம். மெடிக்கலில் அதுவே தடையாகும். சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, நடக்க வேண்டும். பாரம் முதுகின் மேல்பக்கம் இறுக்கமாக இருக்க வேண்டும், வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும், தார் ரோட்டைவிட மண் பாதை நல்லது. பிடிப்பு இருந்தாலும் வலி இருந்தாலும் ஊசி போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது. வெறும் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்து ரத்தத்தில் உப்பு குறைந்து மயங்கி விழுவதும் நடக்கிறது. வெயில் நாளில் உப்பும் சேர வேண்டும்.

ஊக்க ஊசி பற்றி அமெரிக்காவில் கசப்பான பாடம் ஒன்று உண்டு. 2022 பிப்ரவரியில் சீல் தேர்வின் மிகக் கடுமையான ஹெல் வீக் என்ற வாரத்தை முடித்த சில மணி நேரத்தில் 24 வயது கைல் மல்லன் நிமோனியாவால் இறந்தார். கல்லூரிக் கால்பந்து ஆடிய திடகாத்திரமான இளைஞர். 200-க்கும் மேற்பட்டோர் தொடங்கிய அந்த வகுப்பில் மிஞ்சியது சுமார் 20 பேர். விசாரணையில் மருத்துவக் கண்காணிப்பின் ஓட்டைகள் வெளிவந்தன. தேர்வாளர்களிடையே ஊக்க மருந்து புழங்கியதும் தெரிந்தது. அடுத்த ஆண்டு முதல் சீல் வீரர்களுக்குத் தற்செயல் மருந்துச் சோதனை கட்டாயமானது. ஆசை முற்றியவர் எதையும் போட்டுக்கொள்ளத் துணிவார். அதைத் தெரிந்தே சில பயிற்சி மையங்கள் விற்கின்றன. 1.6 கி.மீ. தூரத்தை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடினால் அக்னிவீர் உடல் தேர்வில் 60 மதிப்பெண், 10 புல்-அப்ஸ் எடுத்தால் 40. ஒழுங்கான பயிற்சியும் உணவும் தூக்கமும் இருந்தால் எட்டிவிடும் அளவுதான் இது. இதற்கு ஊசி தேவையில்லை. பணம் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று வரும் புரோக்கரும் தேவையில்லை.

உள்ளே போனபின் வேலை என்ன? இங்கேதான் கனவுக்கும் நடப்புக்கும் இடைவெளி அதிகம். தமிழ் வாசகருக்கு அருகில் உள்ள உதாரணம் வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை. அவர்கள் காவல்துறையினர்தான், ஆனாலும் இவ்வகை வேலையின் இயல்பு அதில் தெளிவாகத் தெரியும். பத்தாண்டுக்கும் மேலாகக் காட்டில் நடை, காத்திருப்பு, தவறிய தகவல், மலேரியா, அட்டைக்கடி. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே ஓர் ஆம்புலன்ஸைச் சுற்றி எல்லாம் முடிந்தபோது துப்பாக்கிச் சத்தம் நீடித்தது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களைத் தந்தது உளவாளியின் பொறுமை. ராணுவச் சிறப்புப் படையின் நாட்களும் பெரும்பாலும் இப்படியே: பனியில் மறைந்து கிடந்து ஒரு வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது, வரைபடம் படிப்பது, வயர்லெஸ் பேட்டரிகளைச் சரிபார்ப்பது, ஒத்திகைக்கு மேல் ஒத்திகை. குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைத்தொழில் உண்டு. ஒருவர் வெடிமருந்து, ஒருவர் தகவல் தொடர்பு, ஒருவர் மருத்துவம், ஒருவர் தொலைதூரத் துப்பாக்கி. கணக்கும் படிப்பும் பிடிக்காததால் கமாண்டோ ஆகிறேன் என்று சொல்பவர் தவறான இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். வெடிமருந்தின் அளவைக் கணக்குப் போடாமல் கதவைத் தகர்க்க முடியாது. மொழியும் அப்படித்தான். ராணுவத் தேர்வைத் தமிழில் எழுத இப்போது வழி இருக்கிறது. குழுவுக்குள் நள்ளிரவில் கிசுகிசுக்கும் கட்டளை இந்தியில்தான் வரும்.

எவ்வளவு தேறியவராக இருந்தாலும் இயற்கையும் தற்செயலும் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் காஷ்மீரின் கேரன் பகுதியில் ஊடுருவியவர்களின் தடத்தைப் பின்பற்றி 4 பாரா வீரர்கள் ஆழமான பனியில் போய்க்கொண்டிருந்தார்கள். கீழே பிடிமானம் இல்லாமல் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த பனித்தட்டு ஒன்று அவர்கள் காலடியில் உடைந்தது. கீழே ஓடைப் பள்ளத்தில் ஒளிந்திருந்தவர்களின் மேலேயே போய் விழுந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் சண்டை. ஊடுருவிய ஐவரும் கொல்லப்பட்டார்கள். சிறப்புப் படையின் ஐவரும் உயிரிழந்தார்கள். அந்தப் பனித்தட்டை எந்தப் பயிற்சியும் முன்னரே காட்டியிருக்காது.

இதைவிடக் கடினமான விஷயம் ஒன்றைப் பெரும்பாலான வழிகாட்டிப் பேச்சுகள் தொடுவதே இல்லை. எந்தப் போருக்கு அனுப்பப்படுவோம் என்பதை வீரர் தீர்மானிப்பதில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்க 10 பாரா கமாண்டோக்களும் 13 சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிளட்டூனும் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டார்கள். திட்டம் எதிர்த்தரப்புக்கு முன்பே தெரிந்துவிட்டிருந்தது. அந்தச் சீக்கிய பிளட்டூனில் உயிரோடு மிஞ்சியவர் ஒரே ஒருவர். அதே இலங்கை நடவடிக்கையில் மெட்ராஸ் ரெஜிமென்டின் தமிழ் பேசும் வீரர்களும் இருந்தார்கள். தாங்கள் பேசும் மொழியையே பேசும் ஊர்களில் சோதனைச் சாவடி போட்டு நின்றார்கள். அந்த அனுபவத்தைச் சுமந்தவர்கள் நம் மாவட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். சேர நினைப்பவர் அவர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்து பேச வேண்டும்.

2021 டிசம்பர் 4-ல் நாகாலாந்தின் மோன் மாவட்டம் ஓடிங் கிராமத்துக்கருகில், தீவிரவாதிகள் என்று தவறாக எண்ணி 21 பாரா வீரர்கள் ஒரு பிக்அப் வண்டியைச் சுட்டார்கள். நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். அடுத்தடுத்த மோதல்களில் மேலும் பொதுமக்கள் உயிரிழந்தார்கள். ஒரு வீரரும் இறந்தார். மாநிலக் காவல்துறை 30 பேர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்குத் தொடர மத்திய அரசு அனுமதி மறுத்தது. சட்டம் என்ன சொன்னாலும், இருட்டில் ஒரு வண்டியைப் பார்த்துச் சில வினாடிகளில் எடுத்த முடிவு அந்த ஊரின் வீடுகளில் என்றைக்கும் இருக்கும், சுட்டவர்களோடும் இருக்கும். விசையை இழுக்காமல் இருக்கும் துணிவும் தனக்கு இருக்கிறதா, மேலிருந்து வந்த தகவல் பிழை என்று தோன்றினால் வாய் திறந்து சொல்வேனா என்பதைச் சேருமுன் யோசிப்பது, முழங்காலைச் சோதிப்பதைவிட முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

அதன் பிறகு வரும் வாழ்க்கை. அமெரிக்கச் சிறப்புப் படையினரிடையே நடந்த ஆய்வுகள் இதில் கண்ணைத் திறக்கின்றன. எதிரியின் குண்டு மட்டுமில்லை, பயிற்சியில் தாமே சுடும் தோள் ராக்கெட்டும் தாமே வைக்கும் வெடியும் அதிர்வலைகளை அனுப்புகின்றன. 2024-ல் பணியில் இருந்த 30 பேரை ஆராய்ந்தபோது, அதிர்வு அதிகம் பட்டவர்களின் மூளையில் மாற்றங்கள் தெரிந்தன. வாழ்க்கைத் தரமும் தாழ்ந்திருந்தது. 2020-ல் கிறிஸ்டோபர் ஃப்ரூ என்ற உளவியலாளரும் சகாக்களும், தூக்கமின்மை, தீராத மூட்டுவலி, தலைவலி, ஹார்மோன் குறைவு, மனச்சோர்வு, மணவாழ்க்கை முறிவு எல்லாம் சேர்ந்தே வருவதைத் தனி நோய்த்தொகுதியாக விவரித்தார்கள். நம் வீரர்களிடமும் முதுகும் முழங்காலும் காதும் முதலில் போகின்றன. ஒரு ஜவான் பணி ஓய்வு பெறும் வயது நாற்பதைச் சுற்றித்தான். அதன் பிறகு இன்னொரு முழு வாழ்க்கை பாக்கி இருக்கிறது. அபாயத்துக்குத் தனிப் படி உண்டு என்பது உண்மை. கோப்ராவில் 2017-ல் அது மாதம் 17,300 முதல் 25,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. அந்தப் பணத்தை மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது நியாயமில்லை. மாதக்கணக்கில் போன் வராது, எங்கே இருக்கிறேன் என்று சொல்லவும் முடியாது என்பதை அம்மாவுக்கும், கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

யாரிடம் விசாரிப்பது? ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளமும் எம்ப்ளாய்மென்ட் நியூஸும் விதிகளுக்கு. புத்தகங்களில், ஷிவ் அரூரும் ராகுல் சிங்கும் எழுதிய 'இந்தியாஸ் மோஸ்ட் ஃபியர்லெஸ்' தனிப்பட்ட வீரச் செயல்களைச் சொல்கிறது. சிறப்புப் படையிலேயே பணியாற்றிய லெப்டினன்ட் ஜெனரல் கடோச்சும் பத்திரிகையாளர் சைகத் தத்தாவும் எழுதிய 'இந்தியாஸ் ஸ்பெஷல் ஃபோர்ஸஸ்' அமைப்பின் குறைகளையும் பேசுகிறது. முதலாவதை மட்டும் படித்தவருக்குப் பாதிதான் தெரியும். ஆளாகப் பார்த்துப் பேச மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களும் உண்டு. அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ரிட்டயர்ட் சுபேதாரிடம் 'பயிற்சி கஷ்டமா அண்ணா' என்று கேட்டால் சிரித்துவிட்டுக் காபி கொடுப்பார். புரொபேஷனில் திரும்பி வந்தவர்கள் பிறகு எப்படி இருந்தார்கள், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கழிந்தது, எந்த வேலைக்குப் போனதை நினைத்து இப்போதும் தூக்கம் வருவதில்லை, வீட்டில் யார் பிள்ளைகளை வளர்த்தார்கள் என்று கேட்டால் உண்மையான பதில் வரும். தேறியவரைப் போலவே தேறாதவரையும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். காணொளி போடுபவர்கள் தேறியவர்கள் மட்டுமே.

அக்னிபத் அறிவிக்கப்பட்டபோது வயது வரம்பு 17½ முதல் 21 வரை. அதில் ஒரு வருடத்தை இந்த விசாரணைக்கும் தயாரிப்புக்கும் ஒதுக்கினால் எதுவும் கைவிட்டுப் போகாது. அந்த ஒரு வருடத்தில் இந்தி பேசப் பழகலாம், பல்லையும் காதையும் பாதத்தையும் அரசு மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம், சி.டி.எஸ். எழுதும் தகுதிக்காகக் கல்லூரியில் சேர்வதா என்று வீட்டில் பேசி முடிக்கலாம். நீச்சலும் கற்றுக்கொள்ள வேண்டும், கிணற்றில் குதித்து ஏறுவது மட்டும் போதாது. அரை மணி நேரம் நிற்காமல் நீந்தவும், கை கால் கட்டிய நிலையில் பதறாமல் மிதக்கவும், பக்கத்தில் நீச்சல் தெரிந்த ஆள் நிற்கும்போது மட்டும் பழக வேண்டும்.